தர்மராஜ ரதமும் கிண்டிக் குதிரையும்: சூது பற்றி ஒரு டாக்டரின் நீண்ட இழை

நீளமான இழைங்க இது. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

மாமல்லபுரம் போயிருப்பீங்க. ஐந்து ரதம் பார்த்திருப்பீங்க. டிக்கெட் கிழிச்சு உள்ளே போனதும் வரிசையா நிற்கும்: திரௌபதி ரதம், அர்ச்சுன ரதம், பீம ரதம், தர்மராஜ ரதம். கொஞ்சம் தள்ளி, யானைக்குப் பக்கத்தில் நகுல சகாதேவ ரதம். எல்லாரும் போட்டோ எடுக்கிறோம், யானை மேல சாய்ஞ்சு நிற்கிறோம், நுங்கு சாப்பிட்டு வண்டி ஏறிடுறோம்.

ஒரு தடவை அந்த வரிசையை மெதுவா நடந்து பாருங்க. ஒரு முனையில் திரௌபதி. மறு முனையில், இருக்கிறதிலேயே உயரமா, தர்மன். அவளைப் பணயம் வைத்தவன் அவன். அவளுக்கு முன்னாடி தன்னையே வைத்தான். அதுக்கும் முன்னாடி தம்பிகளை வைத்தான். பாரதக் கதைப்படி தம்பிகளில் முதலில் போனது யார் தெரியுமா? நகுலன். பாண்டவர்களில் குதிரை சாஸ்திரம் தெரிந்தவன். விராடன் அரண்மனையில் ஒளிந்திருந்த வருஷம் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டவன். அதே வருஷம் தர்மன் என்ன வேலை பார்த்தான்? ராஜாவுக்குத் துணையா உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டினான்!

சூதாடியும் குதிரைக்காரனும் ஒரே மணல்மேட்டில், ஒரே வரிசையில், கல்லா நிற்கிறாங்க. எனக்கு இது வேடிக்கையா இருக்கும். இந்த இழையே அந்த ரெண்டு பேரைப் பற்றித்தான்.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். பல்லவர்கள் இந்தப் பெயர்களை வைக்கலை. ஏழாம் நூற்றாண்டில் செதுக்கினபோது அது வேற. தர்மராஜ ரதத்தின் மேல் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர்கள்தான் இருக்கு. திரௌபதி ரதத்துக்குள் இருப்பது துர்க்கை. பாண்டவர் பெயரெல்லாம் பின்னாடி ஊர் ஜனங்க வெச்சது. ஏன் வெச்சாங்க? எங்க செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்தவங்களுக்கு இது புதிராவே இருக்காது. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. இதில் எந்த ராத்திரிக்கு ரொம்பக் கூட்டம் வரும்னு கேட்டா, அர்ச்சுனன் தபசும், சூது-துகிலும்னு சொல்வாங்க. சின்ன வயசுல பாட்டி மடியில் படுத்துக்கிட்டுப் பார்த்திருக்கேன். தர்மன் காய் உருட்டும்போது கூட்டத்தில் யாராவது ஒரு கிழவி, "வேணாம்டா, எழுந்து வாடா" என்று நிஜமாவே கத்துவாள். கதை தெரியும். முடிவு தெரியும். இருந்தாலும் கத்துவாள்.

அந்தக் கிழவியின் குரல் எனக்குப் பல வருஷம் கழிச்சு என் கிளினிக்கில் கேட்டது. அதுக்கு வரேன். முதல்ல கதையில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம்.

தர்மன் ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை ஆடினான். முதல் ஆட்டத்தில் எல்லாம் போனது. திரௌபதி சபையில் கேட்ட கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியலை: தன்னைத் தோற்ற ஒருத்தனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? திருதராட்டிரன் பயந்து போய் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். நாடு, நகரம், விடுதலை, எல்லாம். கடன் முழுசாத் தள்ளுபடி. வீட்டுக்குக் கிளம்பி பாதி வழி போனவனை மறுபடி கூப்பிட்டாங்க. போனான். ஆடினான். 13 வருஷம் போச்சு.

என் தொழிலில் இதுக்குப் பெயர் ரிலாப்ஸ். குடியை விட்டவன் ஒரு கல்யாண வீட்டில் "ஒரே ஒரு ரவுண்டு" என்று உட்காருகிறானே, அதே. பாரதம் எழுதினவங்களுக்கு மனுஷ மூளை நல்லாத் தெரிஞ்சிருக்கு. தர்மன் கெட்டவன் இல்லை என்பதை அவங்க திரும்பத் திரும்பச் சொல்றாங்க. நல்லவன், படிச்சவன், பொய் பேசாதவன். அவனுக்கே இது நடந்தது.

வள்ளுவர் சூது அதிகாரத்தை எங்கே வைத்திருக்கார் என்று கவனிச்சிருக்கீங்களா? 93 கள்ளுண்ணாமை. 94 சூது. 95 மருந்து. கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவில். அதில் முதல் குறளிலேயே ஜெயிப்பதையும் வேண்டாம் என்கிறார். அது தூண்டிலை மீன் விழுங்கியது மாதிரி என்கிறார். எங்க கடற்கரை ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோற்கிறவன் எழுந்து போயிடுவான். முதல் நாள் ஜெயிக்கிறவன்தான் மாட்டுவான். கிளினிக்கில் நான் கேட்ட சூதாட்டக் கதைகளில் முக்கால்வாசி "முதல் தடவையே நல்லா அடிச்சது டாக்டர்" என்றுதான் ஆரம்பிக்கும்.

எங்க மருத்துவப் புத்தகங்கள் இந்த இடத்துக்கு வர ரொம்ப நாள் ஆச்சு. அமெரிக்க மனநல சங்கத்தின் கையேட்டில் 1980-ல்தான் சூதாட்டம் ஒரு நோயாக ஏறியது. அப்பவும் திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி எல்லாம் இருந்த வகையில் போட்டாங்க. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதைத் தூக்கி மது, போதைப் பொருள் வரிசையில் வெச்சாங்க. கள்ளுக்குப் பக்கத்தில்.

இப்போ குதிரைக்கு வருவோம்.

நம்ம ஊர் குதிரைக்குப் பிறந்த மண் இல்லை. ஈரம், உப்புக்காற்று, சரியான புல் கிடையாது. ஆனா ராஜாக்களுக்குக் குதிரை வேணும். அதனால கப்பலில் வந்தது. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்று ஒரு துறைமுகம் வரும். அங்கே குதிரைகள் வந்து இறங்கும். அது இந்த மாமல்லபுரமாகத்தான் இருக்கணும் என்று சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, பாண்டிய ராஜாக்கள் வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குறாங்க, அதில் பெரும்பாலானவை வருஷ முடிவுக்குள் செத்துப்போகுதுன்னு எழுதி வெச்சிருக்கார். வைத்தியம் தெரிந்தவங்க இல்லையாம். சோறும் கறியும் சமைச்சுப் போட்டாங்களாம். குதிரைக்கு! படிக்கும்போதே எனக்கு வயிறு வலிச்சது. அரபு வியாபாரிக்கு என்ன கவலை? செத்தா அடுத்த வருஷம் இன்னொரு கப்பல். யோசிச்சுப் பார்த்தா அதுவும் ஒரு சூதாட்டம்தான், ஜெயிச்சது எப்பவும் விற்றவன்.

அப்புறம் வெள்ளைக்காரன். 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை பறங்கிமலை வரைக்கும் வந்து நின்னு, கும்பினியைச் சமாதானத்துக்கு இறங்க வெச்சது. அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு, 1777 வாக்கில், அந்த மலைக்குப் பக்கத்துக் கிண்டியில் பந்தயம் தொடங்கியது என்பது ரேஸ் கிளப் சொல்லும் வரலாறு. இன்னைக்கு இருக்கிற அமைப்பான மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் உருவானது. கிண்டி அப்போ சென்னைப் பட்டணம் கிடையாது, தெரியுமா? எங்க செங்கல்பட்டு ஜில்லா. சைதாப்பேட்டைதான் பல காலம் ஜில்லாவுக்குத் தலைநகரம். ஆக, மெட்ராஸ் ரேஸ் என்று உலகம் சொன்னது எங்க ஜில்லாவில்தான் ஓடியது. இந்தப் பெருமை எங்களுக்கு வேணுமா என்பது வேற விஷயம்.

நான் செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜில் படித்த காலத்தில் மின்சார ரயிலில் சனி, ஞாயிறு ஒரு கூட்டத்தைப் பார்ப்பேன். சட்டைப் பையில் நாலாய் மடிச்ச ரேஸ் புக். காதில் செருகின பேனா. எந்தக் குதிரை, எந்த ஜாக்கி, போன வாரம் எவ்வளவு தூரம், எவ்வளவு எடை, எல்லாம் மனப்பாடம். அனாடமி மனப்பாடம் பண்ண முடியாம தவிச்ச எனக்கு அவங்க ஞாபகசக்தி மேல் பொறாமையா இருக்கும். போகும்போது ஒரே பேச்சு. ராத்திரி திரும்பி வரும்போது பெட்டியில் சத்தமே இருக்காது.

பழைய பிரிட்டிஷ் காமெடிப் படங்களில் இந்தக் கூட்டம் ரொம்பச் செல்லமா வரும். 1951-ல் வந்த 'தி கேலப்பிங் மேஜர்' என்று ஒரு படம். லண்டன் புறநகரில் சாதாரண ஜனங்க சீட்டு போடுற மாதிரி பணம் சேர்த்து ஒரு பந்தயக் குதிரை வாங்கப் போய், தப்பான குதிரையை வாங்கிடுவாங்க. அந்த உதவாக்கரைக் குதிரை கடைசியில் கிராண்ட் நேஷனல் பந்தயம் வரைக்கும் போகும். சிரிச்சு மாளாது. படம் என்று தள்ளிவிட வேண்டாம். 1967-ல் நிஜமாவே அதே கிராண்ட் நேஷனலில் ஒரு தடுப்புக்கிட்ட முன்னாடி போன குதிரைகளெல்லாம் முட்டி மோதி நின்னுபோக, ரொம்பப் பின்னாடி வந்துகிட்டிருந்த ஃபாய்னவான் என்ற குதிரை சந்துல புகுந்து போய் ஜெயிச்சது. ஒண்ணுக்கு நூறு.

இந்த மாதிரிக் கதைதான் நம்ம தலையில் தங்கும். அன்னைக்கு மத்த குதிரைகள் மேல் கட்டினவங்க எத்தனை பேர்? அவங்களைப் பற்றி யாரும் படம் எடுக்கலை.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, சின்னக் கணக்கு. பந்தய மைதானத்தில் டோட் என்று ஒரு முறை உண்டு. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு. எல்லாரும் கட்டுற பணம் ஒரே உண்டியலில் விழும். அதிலிருந்து வரியும் கிளப்பின் பங்கும் முதலில் எடுத்துடுவாங்க. மீதியை ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. ஒரு பேச்சுக்கு நூற்றுக்கு இருபது எடுக்கிறாங்க என்று வைங்க. 100 ரூபாய் உண்டியலுக்குள் போனா 80 ரூபாய் வெளியே வரும். அந்த 80-ஐ மறுபடி அடுத்த ரேஸில் போட்டா 64. மூணாவதில் 51. பத்து ரேஸ் முடியும்போது கூட்டத்தின் 100 ரூபாயில் கூட்டத்திடம் மிச்சம் 11 ரூபாய்கூட இல்லை. இதில் எவனும் ஏமாற்றலை. ஜாக்கி கடிவாளத்தை இழுக்கலை, யாரும் ஊசி போடலை. எல்லாம் நேர்மையா நடந்தா இப்படி.

நிபுணத்துவம் இருந்தா ஜெயிக்கலாமே? இதுதான் பெரிய கேள்வி. சுப்ரீம் கோர்ட் வரை போன கேள்வி.

கதை 1949-ல் ஆரம்பிக்குது. அதுவரைக்கும் சூதாட்டத் தடைச் சட்டத்தில் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: பந்தயம் நடக்கிற அன்னைக்கு, மைதான வளாகத்துக்குள், அனுமதிச்ச இடத்தில் கட்டினா அது சூதாட்டம் ஆகாது. தெருமுனையில் மூணு சீட்டு போட்டா போலீஸ் பிடிக்கும். கிண்டியில் தொப்பி போட்டுக்கிட்டு கட்டினா சலாம் போடும். 1949-ல் அந்த விதிவிலக்கை எடுத்துவிடச் சட்டம் போட்டாங்க. போட்டுட்டு அலமாரியில் வெச்சுட்டாங்க. கால் நூற்றாண்டு அமலுக்கே வரலை.

1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது. 1975 மார்ச் 31 முதல் பந்தயம் இல்லை என்று அறிவிப்பு. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் திமிறும் குதிரையை ஒரு ஆள் பிடிச்சு அடக்குற சிலை இருக்கே, அது இந்த ஒழிப்பின் நினைவாத்தான். தினமும் அதைத் தாண்டிப் போறவங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் பையன் அது ஏதோ சினிமா கம்பெனி சின்னம் என்று நினைச்சுக்கிட்டிருந்தான். ஜெமினி என்ற பெயர் அப்படி.

இங்கே ஒரு முரண் இருக்கு, சொல்லாம போனா நேர்மை இல்லை. அதே கட்சி ஆட்சியில்தான், அண்ணா முதல்வரா இருந்த 1968-ல், அரசு பரிசுச் சீட்டு வந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. குதிரைக்காவது காலு, ஜாக்கி, பழக்கம் என்று ஏதோ இருக்கு. லாட்டரி சுத்தமான குருட்டு அதிர்ஷ்டம். அதை அரசே விற்றுக்கொண்டு குதிரையைத் தடை பண்ணினாங்க. 1975-ல் பரிசுச் சீட்டையும் நிறுத்தினாங்க என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பிறகு அது திரும்பி வந்து, டீக்கடை டீக்கடையா தொங்கி, பல குடும்பங்களைத் தின்னு, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை பண்ணினது உங்களில் பல பேருக்கு நினைவிருக்கும்.

கிளப் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு இழுத்தது. சிலை நின்றது, குதிரை ஓடிக்கொண்டே இருந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு இன்னொரு சட்டம் போட்டு கிளப்பையே கையகப்படுத்தப் பார்த்தது. கடைசியில் 1996 ஜனவரி 12-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு. நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது. (வழக்கின் பெயரிலேயே ஒரு டாக்டர் இருக்கார், பாருங்க.) குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்தது, வேகமும் தாங்கும் சக்தியும் பயிற்சியில் வருது, ஜாக்கிக்குத் தேர்ச்சி வேணும், ஆகவே அது சூதாட்டம் அல்ல. 1986 சட்டம் செல்லாது. சூதாட்டம் என்று ஒழிக்கச் சட்டம் போட்ட அரசு, அதையே எடுத்து நடத்த இன்னொரு சட்டம் போடுவது என்ன நியாயம் என்றும் கோர்ட் கேட்டது. அந்தக் கேள்வியில் தப்பே இல்லை.

ஆனா ஒரு டாக்டரா எனக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு இடம் உறுத்தும். திறமை யாருடையது? குதிரையுடையது. ஜாக்கியுடையது. டிரெய்னருடையது. கவுண்டரில் நின்னு பணம் கட்டுறவனுடையது இல்லையே. படிச்சு ஆராய்ஞ்சு கட்டுறவங்க உண்டு, ஒத்துக்கிறேன். ஆனா ஹேண்டிகேப் என்று ஒரு ஏற்பாடு இருக்கு, தெரியுமா? பல பந்தயங்களில் நல்லா ஓடுற குதிரைக்கு அதிக எடையும் சுமாரான குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றுவாங்க. எதுக்கு? எல்லாம் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுற மாதிரி ஆக்க. அதாவது, திறமையால் வரும் வித்தியாசத்தைச் சமன் பண்ணவே சம்பளம் வாங்குற ஒரு ஆள் இருக்கார். அவர் வேலையைச் சரியாச் செய்தா மிச்சம் இருக்கிறது அதிர்ஷ்டம்.

இது மூளைக்கு என்ன பண்ணும்? 2003-ல் ஃபியோரில்லோ, டோப்ளர், ஷுல்ட்ஸ் என்ற மூன்று பேர் குரங்குகளின் மூளையில் டோபமின் நரம்பணுக்களைக் கவனிச்சாங்க. பரிசு நிச்சயம் என்றால் காத்திருக்கும்போது அணுக்கள் அமைதியா இருக்கு. கிடைக்கவே கிடைக்காது என்றாலும் அமைதி. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறபோதுதான் காத்திருக்கும் நேரம் முழுக்க அவை மெல்ல மெல்ல ஏறுது. பரிசு கிடைச்சதுக்கு இல்லீங்க, கிடைக்குமா என்ற அந்தத் தவிப்புக்கு. குதிரைகள் கடைசி வளைவில் திரும்பும் அந்த நேரம். தர்மன் காயைக் கையில் குலுக்கும் அந்த நேரம்.

இனி அந்தக் கிழவியின் குரல். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுறேன். சம்பந்தப்பட்டவர் அனுமதியும் இருக்கு.

பல வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். கடற்கரையோரக் கிராமம். வலது கை நடுக்கம், நடை சின்னதாகிடுச்சு, முகத்தில் உணர்ச்சி குறைஞ்சுபோச்சு. பார்க்கின்சன். மூளையில் டோபமின் குறைவதால் வரும் நோய். டோபமின் மாதிரி வேலை செய்யும் மாத்திரை, பிரமிபெக்ஸோல், ஆரம்பிச்சேன். அளவைக் கூட்டினேன். அருமையா வேலை செய்தது. கையெழுத்துத் திரும்பி வந்தது. "டாக்டர், நான் மறுபடி வாத்தியார் ஆயிட்டேன்" என்று எழுதிக் காட்டினார். எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு வருஷம் கழிச்சு அவர் மனைவி தனியா வந்தாங்க. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். வாரத்தில் மூணு நாள் கிண்டிக்குப் போறாராம். அங்கே பந்தயம் இல்லாத நாளிலும் பெங்களூரு, மும்பை பந்தயத்தைத் திரையில் காட்டுவாங்க, அதில் கட்டலாம். பி.எஃப். பணம் போச்சு. நகை போச்சு. வீட்டுப் பத்திரம் எங்கே என்று தெரியலை. "நாற்பது வருஷத்துல ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினதில்ல டாக்டர். கல்யாணத்துல சீட்டாட உட்கார்ந்தா எழுந்து வந்துடுவார். இவர் எங்க வீட்டுக்காரரே இல்ல."

அவங்க சொன்னது கிட்டத்தட்ட உண்மை. அது அவர் இல்லை. என் மாத்திரை. இந்த வகை மருந்து சில பேருக்குச் சூதாட்டம், கண்மூடித்தனமான செலவு மாதிரி அடக்க முடியாத வேகங்களைக் கிளப்பிவிடும். 2010-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளை வெச்சு வந்த ஆய்வில், இந்த மருந்து எடுத்தவங்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு இப்படி ஏதோ ஒரு வேகம் இருந்தது. எடுக்காதவங்களில் ஏழு பேர். அந்த ஆய்வை நான் படிச்சிருந்தேன். படிச்சிருந்தும் அவரிடம் கேட்கலை. குடிப்பீங்களா என்று கேட்டேன். பீடி, சிகரெட் கேட்டேன். பொடி போடுவீங்களா என்று கூடக் கேட்டேன். பணம் வெச்சு விளையாடுறீங்களா என்று கேட்கணும்னு தோணவே இல்லை. வாத்தியாரிடம் எப்படி அதைக் கேட்பது என்ற மரியாதை வேற.

மருந்தைப் படிப்படியா நிறுத்தி, வேறு மாற்றினேன். சில வாரங்களில் அந்த வேகம் அடங்கிடுச்சு. ஒரு நாள் கிளினிக்கில் உட்கார்ந்து அழுதார். என்ன சொல்லி அழுதார் தெரியுமா? கூத்தில் தர்மன் வேஷம் கட்டினவராம் இளவயசுல. "அப்போ ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன், இவ்வளவு படிச்சவன் ஏன் எழுந்து போகலைன்னு. எழுந்துக்க முடியாது டாக்டர். கால் இருக்கும். எழுந்துக்க முடியாது."

அவர்தான் எனக்கு நளன் கதையை நினைவுபடுத்தினதும். சூதில் நாட்டைத் தோற்ற நளன், உருமாறி இருதுபர்ணன் என்ற ராஜாவுக்குத் தேரோட்டியா இருக்கான். தேர் பறக்குது. வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, எண்ணாமலேயே இதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று ராஜா சொல்றான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியா இருக்கு. அங்கேயே ஒரு பண்டமாற்று: நளன் குதிரை ரகசியத்தைக் கொடுக்கிறான், ராஜா சூதின் ரகசியத்தைக் கொடுக்கிறான். அது தெரிந்ததும் நளனைப் பிடிச்சிருந்த கலி வெளியேறுது. பழைய காலத்தில் சூதாடினது அந்தத் தான்றிக்காயை வெச்சுத்தான். நாம திரிபலாவில் போடுற அதே காய். சூதின் ரகசியம் என்பது மந்திரம் இல்லை, எண்ணிக்கை. நிகழ்தகவு வரலாறு எழுதிய இயன் ஹேக்கிங் இந்தக் கதையைக் குறிப்பிடுகிறார். ஐரோப்பாவில் அந்தக் கணக்கை முதலில் எழுதிப் பார்த்தவங்களில் ஒருத்தர் பதினாறாம் நூற்றாண்டு கார்டனோ. தொழில் மருத்துவம். பழக்கம் சூதாட்டம். எங்க ஆள்தான்! கணக்குத் தெரிந்தும் அவர் விடலை.

கிண்டி என்ன ஆச்சு? 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலம், 1946 முதல் 99 வருஷக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். படிச்சது சரிதான், வருஷத்துக்கு. வாடகை பாக்கி வழக்கில் 2023-ல் உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து பண்ணி நிலத்துக்குச் சீல் வெச்சது. 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவிப்பு. வெள்ளநீர் தேங்கக் குளங்களும் வெட்டினாங்க. கிளப் மறுபடி கோர்ட்டுக்குப் போனது. 1974-ல் ஒழுக்கத்தின் பெயரால் முடியாதது, ஐம்பது வருஷம் கழிச்சு வாடகை பாக்கியால் நடந்தது.

அதுக்குள் குதிரை லாயத்தை விட்டுப் பைக்குள் வந்துடுச்சு. ரயிலேற வேண்டாம், ரேஸ் புக் வேண்டாம். போன் போதும். தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் போட்டது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வெச்சு ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடை கொண்டுவந்தது. வாதம் அதேதான், கவனிச்சீங்களா? திறமையா, அதிர்ஷ்டமா? கிளினிக்கில் என் எதிரில் உட்காருகிற இருபத்தாறு வயசுப் பையனுக்கு அந்த வாதத்தால் ஒரு ரூபாய் திரும்பி வரலை.

உங்க வீட்டில் யாராவது பார்க்கின்சனுக்கோ, கால் குடைச்சலுக்கோ இந்த வகை மாத்திரை எடுத்தா, திடீர்னு செலவோ விளையாட்டோ கூடினா, மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரிடம் சொல்லுங்க. மருந்து எதுவும் எடுக்காமலே மாட்டிக்கிட்டவங்களுக்கு 14416, டெலிமானஸ். இலவசம், தமிழில் பேசுவாங்க.

வாத்தியார் இப்பவும் மூணு மாசத்துக்கு ஒருமுறை வரார். நடுக்கம் கூடியிருக்கு, மாற்று மருந்து அந்தப் பழைய மாத்திரை அளவுக்கு இல்லை, அது அவருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக் காட்டுவார். தேதி, தொகை, யாருக்கு அடைத்தது. எழுத்து வரவரச் சின்னதாகிக்கிட்டே வருது. போன தடவை நான் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வெச்சுப் படிக்க வேண்டியிருந்தது. இன்னும் மூணு பேருக்குத் தரணுமாம்.